பானெட்டில் மூன்று பொட்டு

1

ஆயுத பூஜை போன வாரம் வந்து போனது. இங்கே மெல்பர்னில் அது சாதாரண வேலை நாள். நான் விடாமல் போன் செய்ததால், என் மகள் மதி ஆபீஸ் முடிந்து சுண்டல் வாங்கிப் போக வந்தாள். அவள் இப்போது சிநேகிதிகளோடு வேறு வீட்டில் இருக்கிறாள். ஒரே ஊர்தான். ஆனாலும் அம்மா வீட்டுக்கு வர ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அந்தக் காரணங்களைத் தயார் செய்வதுதான் இப்போது என் பெரிய சமையல்.

வாசலில் நின்ற அவள் காருக்குச் சந்தனம் குழைத்து, குங்குமம் எடுத்து, பானெட்டில் வரிசையாக மூன்று பொட்டு வைத்தேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அவள் வண்டியை மெல்ல நகர்த்தினாள். இறங்கி வந்து ஒரு போட்டோ எடுத்தாள்.

“ஓகே, டன். இப்ப தொடைச்சிடும்மா.”

“இப்பத்தானே வெச்சேன். நாளைக்குத் தொடைச்சுக்கோயேன்.”

“நோம்மா. வெயில்ல நின்னா கறை கிளியர்ல இறங்கிடும். நீதானே சொல்லிக் குடுத்தே.”

சொல்லிக் கொடுத்தது நான்தான். ஈரத்துணி கொண்டு வந்து நானே துடைத்தேன். அவள் சுண்டல் டப்பாவோடு போய்விட்டாள். குழாயடியில் அந்தத் துணியை அலசியபோது தண்ணீர் சிவப்பாக ஓடியது. போன ஜனவரியில் அடையாறில் அம்மா காரருகே நின்றது ஞாபகம் வந்தது. குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்று அழுதேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு முன்னால் அந்தக் கிளியர் என்கிற சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

2

காரின் மேல் நாம் பார்க்கிற பளபளப்பு அதன் நிறத்தினுடையது இல்லை. தகட்டின் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு. அந்த மேல் பூச்சைத்தான் கிளியர் என்கிறார்கள். கண்ணாடி மாதிரி மின்னுவதெல்லாம் அதுதான். நல்ல காகிதத்தைவிட மெல்லியது. வெயிலும் பறவை எச்சமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கறை இறங்கிவிட்டால் துணியால் துடைத்துப் போகாது. தண்ணீரில் ஊறிய நைசான உப்புத்தாளால் கிளியரின் மேல்பக்கத்தை மட்டும் இழைத்து எடுக்க வேண்டும். பிறகு பாலிஷ் போட்டு மினுக்க வேண்டும். இதுதான் நான் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்ட வேலை.

என் வயதில் மற்ற பெண்கள் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒருத்தி, “கலா, உனக்கு ஏன்டி மெக்கானிக் வேலை?” என்று கேட்டாள். மெக்கானிக் வேலை வேறு, இது வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே அவள் வடை எடுக்கப் போய்விட்டாள்.

ஆரம்பித்து வைத்தவள் மதி. காலேஜ் போக ஒரு பழைய காரை வாங்கி வந்தாள். மேலெல்லாம் மங்கி, கீறி, பார்க்கவே பாவமாக இருந்தது. நாமே சரி செய்யலாம் என்று இரண்டு பேரும் வீடியோ பார்த்துப் படித்தோம். சனிக்கிழமைகளில் கராஜில் வாளியும் தாளுமாக உட்கார்ந்துவிடுவோம். அவள் டிக்கிப் பக்கம், நான் பானெட் பக்கம். நான் டிக்கி என்று சொன்னால் அவள் சிரிப்பாள், இங்கே அதற்குப் பெயர் பூட். பூட் என்றால் எனக்குக் காலில் போடுவது. கையில் வேலை இருந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அவள் அப்போதுதான் என்னிடம் நிறையப் பேசினாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அந்த நாட்களை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கார் பளிச்சென்று ஆனது. அதில் தன் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவள் போனாள். எனக்கு வாளியும் தாளும் மிச்சம்.

விட மனசில்லை. காயலான் கடையிலிருந்து ஒரு பானெட்டை மட்டும் வாங்கி வந்து, கராஜில் இரண்டு முக்காலிகளின் மேல் போட்டுத் தேய்த்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “கார் இல்லாத பானெட்டுக்கு இவ்வளவு அலங்காரமா?” என்றார். அவர் பேச்சைக் காதில் வாங்கினால் இந்த வீட்டில் ஒரு வேலையும் நடக்காது.

அந்த அநாதைப் பானெட்டைப் பாழாக்கித்தான் எல்லாம் கற்றேன். தாளை முந்தின நாளே ஊறப் போட வேண்டும். தண்ணீரில் துளி சோப்பு விட வேண்டும். கையால் அழுத்தக் கூடாது, தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, கட்டையின் கனமே போதும் என்று ஓட்ட வேண்டும். பளபளப்பு முதலில் செத்துப்போகும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. தேய்க்கத் தேய்க்க வருகிற தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் வரை கிளியர்தான் தேய்கிறது. வண்டியின் நிறம் தண்ணீரில் வந்துவிட்டால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். அதற்கு மேல் பெயின்ட் அடிக்கத்தான் கொடுக்க வேண்டும். பானெட்டின் நடுவே மேடாக ஓடுகிற கோட்டில் கிளியர் இன்னும் மெல்லியதாக இருக்கும். அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பக்கத்தில் தாளையே வைக்கலாம்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது குடும்பம் அறிந்த விஷயம். இந்த ஒரு வேலையில் மட்டும் அது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

3

அப்பாவின் முதல் வருஷத் திதிக்காகத்தான் ஜனவரியில் சென்னைக்குப் போனேன். கூடவே கையெழுத்து வேலைகளும் இருந்தன. நாங்கள் இருந்த அடையாறு பிளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். எல்லோரும் காலி செய்ய வேண்டும். அம்மாவையும் தம்பி முரளி குடும்பத்தையும் ஏற்றுக்கொள்ளும் வாடகை வீடு கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு கார் நிறுத்தத்தான் இடம். முரளிக்குச் சொந்தக் கார் இருக்கிறது. அதனால் அப்பாவின் காரை விற்க வேண்டும். விற்க வேண்டுமானால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் விரிந்து கிடக்கிறது. பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். வாரிசுச் சான்றிதழில் வீட்டுக்காரர் பெயர். “மூணும் நீங்கதானா மேடம்?” என்றாள். நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். இங்கே மெல்பர்னில் என்னை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டாக்டர் வரவேற்பறையில் அவர் பெயரை யாரோ வாய் கோணிக் கத்தும்போது எழுந்து போகிறவள் நான். அவர் இறந்த பிறகு அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியுமா.

அப்பா தேனாம்பேட்டையில் ஒரு பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகுதான் கார் வாங்கினார். மெரூன் நிறம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவைத் தி.நகருக்கு அழைத்துப் போவார். பாண்டி பஜாரில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அம்மாவை இறக்கிவிட்டு, ஏதாவது ஒரு சந்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அம்மா வாங்கி வந்ததை ஒரு நாளும் என்ன விலை என்று கேட்டதில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்பார்.

ஆயுத பூஜையன்று அவருடைய வழக்கம் ஒன்று உண்டு. குளித்துவிட்டுக் கீழே இறங்கி, பானெட்டில் மூன்று சந்தனப் பொட்டு, அதன் மேல் கட்டைவிரலால் குங்குமம். விரலில் மிச்சம் ஒட்டியிருப்பதை அம்மா நெற்றியில் வைப்பார். கோயில் மாதிரி பயபக்தியோடு ஒன்றும் இல்லை. கையைத் துடைக்க வேறு துணி கிடைக்காத மாதிரி வைப்பார். அம்மாவும் சலித்துக்கொண்டே நெற்றியை நீட்டுவாள். சின்ன வயதில் ஸ்கூட்டருக்குப் பூஜை போட்ட காலத்திலிருந்தே எனக்கு இந்தக் காட்சி தெரியும்.

கடைசி ஆயுத பூஜைக்கு அவருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை. முரளி பிடித்துக்கொள்ள, லிப்டில் இறங்கிப் போய்ப் பொட்டு வைத்தாராம். தை பிறந்ததும் போய்விட்டார். அதற்குப் பிறகு காரை யாரும் எடுக்கவில்லை. மழையில் சந்தனம் கரைந்து, வெயிலில் கறை இறங்கி, மூன்று பொட்டும் கிளியரிலேயே தங்கிவிட்டன. மெரூன் நிறத்தில் மூன்று வெளிறிய வட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்பு.

நான் போய் இறங்கிய அன்றே முரளி என்னைக் கீழே அழைத்துப்போய் அதைக் காட்டினான்.

“என் ஆபீஸ் நண்பன் வாங்கிக்கறேன்னு இருக்கான்க்கா. அவன் ஒய்ப் ஓட்டிப் பழகறதுக்கு. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறான். இந்தக் கறை மட்டும் போயிடுச்சுன்னா வண்டி நீட்டா இருக்கும். நீதான் அங்க இதையே பண்ணிக்கிட்டு இருக்கியே.”

அம்மாவிடம் கேட்டேன். “முரளி சொன்னா சரிதான்,” என்றாள். அவ்வளவுதான்.

அம்மா இப்போது விபூதி மட்டும் வைத்துக்கொள்கிறாள். பொட்டு வைத்துக்கொள்ளேன், இந்தக் காலத்தில் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று நான் அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“வேணாம்டி. உங்க அத்தை ஒண்ணு கேப்பா, நான் ஒண்ணு சொல்லணும். எதுக்கு அதெல்லாம்.”

4

திதிக்கு முந்தின நாள் காலையில் வேலையைத் தொடங்கினேன். தாள் வாங்கப் போன கடையில் நான் மெல்பர்ன் நினைப்பில் இங்கிலீஷ் பெயரும் நம்பரும் சொல்ல, கடைக்காரர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “வாட்டர் பேப்பர் வோணுமா?” என்று எடுத்துப் போட்டார். ஒரு கறைக்கு இரண்டு தாள் போதும் என்றார். நான் கட்டாக வாங்கி வந்து முந்தின ராத்திரியே ஊறப் போட்டிருந்தேன்.

தண்ணீர் ஒரு பிரச்சினை. எங்கள் பிளாட்டின் போர்வெல் தண்ணீரில் உப்பும் மணலும் வரும். தாளுக்கு அடியில் ஒரு மணல் மாட்டினால் போதும், பானெட்டில் கோடு போட்டுவிடும். அதனால் குடிக்கிற கேன் தண்ணீரை வாளியில் கவிழ்த்தேன். மேலே பால்கனியிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கலா, கேன் தண்ணிடி அது. குடிக்கிற தண்ணியில காரைத் தேய்க்கறியா?”

“வேற தண்ணி ஆகாதும்மா.”

“அங்க போய் இதைத்தான் கத்துக்கிட்டியா?” என்று உள்ளே போய்விட்டாள்.

பானெட்டைக் கழுவினேன். மூன்று பொட்டில் இரண்டு பக்கத்துக்கு ஒன்றாகச் சமதளத்தில் இருந்தன. நடுப்பொட்டு மட்டும் சரியாக மேட்டுக் கோட்டின் மேல் இருந்தது. வண்டிக்கு அதுதான் நெற்றி என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். கோட்டின் மேல் டேப் ஒட்டி அந்தப் பொட்டை மறைத்தேன். முதலில் பக்கத்துப் பொட்டுகள், நடுவில் இருப்பதைப் பிறகு யோசிக்கலாம் என்று கட்டையை ஓட்டினேன்.

இடதுபக்கப் பொட்டு சீக்கிரமே போய்விட்டது. தண்ணீர் வெள்ளையாகத்தான் வந்தது, துளி ரோஸ் நிறம் தெரிந்து மறைந்தது. வலதுபக்கமும் அப்படியே. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்றுகூட நினைத்தேன். யாருடைய விரல் தடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு அப்போது மண்டையில் ஏறவில்லை. கறை, கிளியர், தாள். அவ்வளவுதான் கண்ணில் பட்டது.

வாட்ச்மேன் ஏழுமலை மற்ற கார்களைத் துடைத்து முடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னாக்கா இது, பளபளன்னு கீற வண்டிய மங்கடிச்சிக்கினு கீறே?”

“முதல்ல மங்கும் ஏழுமலை. பாலிஷ் போட்டா பழையபடி வந்துடும்.”

“வந்தா சரி.” குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார். “அய்யாவோட பொட்டையா அழிச்சிட்டே? அம்மாவாண்ட சொன்னியா?”

“ஏன், என்ன?”

“நான் வண்டி தொடைக்க சொல்லோ, அந்த எடத்துல மட்டும் கைய வெக்காதன்னு அம்மா சொல்லிகீது. அய்யா போனதுலேர்ந்து நான் அத்த வுட்டுட்டுத்தான் தொடைக்கிறேன். தெனம் காலைல அம்மா எறங்கி வரும். சும்மா நின்னு பாத்துட்டு மேல போய்டும்.”

கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு போய்விட்டது, டேப்புக்கு அடியில் ஒன்று இருக்கிறது. போன இரண்டையும் உலகத்தில் எந்தப் பாலிஷும் திருப்பிக் கொண்டுவராது.

5

அம்மா ஒரு டம்ளரில் மோர் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஏழுமலை கேட் பக்கம் போய்விட்டார். அம்மா பானெட்டைப் பார்த்தாள்.

“ரெண்டு போயிடுச்சா?”

“ஏழுமலை இப்பத்தாம்மா சொன்னாரு. நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“என்ன சொல்றது?”

“வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல.”

“முரளி வாக்குக் குடுத்துட்டான். வண்டியே போகப் போகுது. பொட்டை மட்டும் நான் எங்க வெச்சுக்கறது?”

“இந்த ஒண்ணை விட்டுடறேன். மேட்டு மேல இருக்கு, தேய்க்க முடியாதுன்னு முரளிகிட்ட சொல்லிக்கறேன்.”

அம்மா மோரை என் கையில் கொடுத்துவிட்டு, டேப் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வாங்கறவன் சும்மா விடுவானா? எங்கயாவது கடையில குடுத்துத் தேய்க்கத்தான் போறான். எவனோ தேய்க்கறதுக்கு நீ தேய். மெதுவாத் தேய்.”

மோரைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டேப்பைப் பிய்த்தேன். பொட்டு இருந்தது. மற்ற இரண்டையும்விட இது பெரிது, ஒரு பக்கமாக இழுத்த மாதிரி இருந்தது. வெறும் விரலில் தாளைச் சுற்றிக்கொண்டு, மேட்டில் பட்டும் படாமலும் தேய்க்க ஆரம்பித்தேன். தண்ணீர் வெள்ளையாக வந்தது. அம்மா பக்கத்தில் நின்றபடி, நான் கேட்காமலேயே பேசினாள்.

“அன்னிக்கு அவரால நிக்கவே முடியல. முரளி பிடிச்சுக்கிட்டான். ரெண்டு வெச்சாரு. இதுக்கு வரும்போது வண்டி மேலேயே சாஞ்சுட்டாரு. கட்டைவிரலை எடுக்கவே இல்ல. நான் போதும், விடுங்கன்னு சொன்னேன். இரு, இரும்மான்னாரு.”

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்புறம் விரல்ல மிச்சம் இருந்ததை எனக்குக் கொண்டாந்தாரு. கை நடுங்குது. நெத்தியில வெக்கறதுக்குப் பதிலா புருவத்துல இழுத்துட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நல்லாத்தான் இருக்குன்னு அவரும் சிரிச்சாரு. அதுக்கு மேல அவர் கீழ இறங்கவே இல்ல.”

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்பா சிரித்தார் என்று கேட்டதும் நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். என் விரல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும் என்று மதிக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். திரும்பிப் பார்த்தபோது பானெட்டின் மேட்டிலிருந்து தண்ணீர் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. குங்குமக் கறை எப்போதோ போயிருந்தது. இது வண்டியின் நிறம். கிளியரைத் தாண்டிவிட்டேன்.

வாயைத் திறப்பதற்குள் அம்மா குனிந்தாள். வழிகிற சிவப்பை மோதிர விரலால் தொட்டாள். அந்த விரல் தானாக மேலே போனது. விபூதிக் கீற்றுக்குக் கீழே, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என்ன செய்தோம் என்று உறைத்த மாதிரி அப்படியே நின்றாள். நான் வாளியைப் பார்த்தேன். அது பெயின்ட் என்று எந்த வாயால் சொல்வது? அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

துணியால் ஒற்றிப் பார்த்தேன். மேட்டுக் கோட்டில், பொட்டு இருந்த இடத்தில், அடிப்பூச்சின் சாம்பல் நிறம் சின்னதாகத் தெரிந்தது. என் கையெல்லாம் சிவப்பு. குழாயடியில் நீட்டினேன். சோப்புத் தண்ணீர்தானே, முதல் தண்ணீரிலேயே சுத்தமாகப் போய்விட்டது. வாளியையும் தாளையும் மேலே எடுத்துப் போய், தாளைப் பால்கனிச் சுவரில் காயப் போட்டேன்.

முரளி சாயங்காலம் வந்து பார்த்து, “என்னக்கா இது, கறை இருந்ததே தேவலாம் போலிருக்கே,” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் பதில் சொல்வதற்குள் அம்மா, “நான்தான் தேய்க்கச் சொன்னேன்,” என்றாள். வெள்ளிக்கிழமை வந்த நண்பர், பானெட்டை மட்டும் பெயின்ட் அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துப் போனார். அது பிறகு நடந்தது.

அன்று சமையலறையில் அம்மா மறுநாளைக்குப் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு நெற்றியில் அப்படியே காய்ந்திருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அம்மாவை ஏமாற்றிக்கொண்டு மெல்பர்னுக்கு எப்படி விமானம் ஏறுவது?

“அம்மா, அது குங்குமம் இல்லம்மா. வண்டி பெயின்ட். நான் ஜாஸ்தி தேய்ச்சுட்டேன்.”

அவள் முறத்தை நிறுத்தவில்லை.

“தெரியும்டி. எனக்குக் குங்குமம் தெரியாதா?”

6

திதி நல்லபடியாக நடந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, மயிலாப்பூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். நல்லவள்தான், ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது.

அம்மா விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்திருந்தாள். ஈரத் தலையில் துண்டு, நெற்றியில் புது விபூதி. அதற்குக் கீழே சிவப்பு. நேற்று இருந்ததைவிட நன்றாகவே தெரிந்தது. நான் இலை நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

அத்தையும் பார்த்துவிட்டாள்.

“என்ன அண்ணி, நெத்தியில?”

முரளி என்னைப் பார்த்தான். அம்மா நெற்றியைத் தொடவும் இல்லை, தடுமாறவும் இல்லை.

“கார் பெயின்ட்டு. நேத்து கலா தேய்ச்சுக்கிட்டு இருந்தாளே, பட்டுடுச்சு. கழுவினா போக மாட்டேங்குது.”

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

“ஆமா அத்தை,” என்றேன். “அது லேசில போகாது.”

“அப்படியா,” என்று அத்தை உட்கார்ந்தாள். அதற்கு மேல் அவள் கேட்க என்ன இருக்கிறது. குங்குமம் என்றால் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். பெயின்ட்டை யார் என்ன சொல்ல முடியும்?

காக்காய்க்குச் சாதம் வைக்கப் பால்கனிக்குப் போனேன். சுவரில் நான் காயப் போட்ட தாள் இருந்தது. அதன் மேல் சிவப்பு பொடியாகக் காய்ந்து படிந்திருந்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தாளின் கறுப்பு தெரிந்தது. யாரோ விரலை நனைத்து, அந்த இடத்தை வழித்து எடுத்திருந்தார்கள்.

தாளை மடித்து ஒரு கவரில் போட்டு, அம்மாவின் அலமாரியில், குங்குமச் சிமிழ் இருந்த தட்டில் வைத்தேன். பிறகு வெளியே வந்து காக்காயைக் கூப்பிட்டேன்.